பார்சல் வாங்கும்போது டிப்ஸ்: அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது?

நியூ ஜெர்சியில் சிறு உணவகங்களுக்குக் கணக்கெழுதுவதும், சம்பளப் பட்டியல் தயாரிப்பதும், வரிப் படிவங்களைத் தாக்கல் செய்து கொடுப்பதும் என் தொழில். எடிசன், ஐஸ்லின் வட்டாரத்தில் ஓக் ட்ரீ சாலையை ஒட்டிக் கடை வைத்திருப்பவர்கள் பலர் என்னிடம் வருகிறார்கள். அதனாலேயே நம்மவர் கூடும் விழாக்களிலும் கோவில் மண்டபங்களிலும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்கிறேன். மேசையில் அமர்ந்து சாப்பிடவில்லை, யாரும் பரிமாறவில்லை, நாமே காரில் போய்ப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வருகிறோம். அதற்கும் கல்லாவில் பணம் கட்டும் இயந்திரத்தின் திரை டிப்ஸ் 18, 20, 25 சதவீதம் என்று நீட்டுகிறதே, கொடுக்கத்தான் வேண்டுமா என்பதே அந்தக் கேள்வி.

கட்டாயம் இல்லை. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை, அமெரிக்க வழக்கமும் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு கொடுப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதையே நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். அதற்கான காரணம் சம்பளப் பட்டியலில் இருக்கிறது.

அமெரிக்காவில் மத்திய அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம் 2009 முதல் மணிக்கு 7.25 டாலராகவே இருக்கிறது. ஆனால் டிப்ஸ் வாங்கும் தொழிலாளிக்கு முதலாளி தம் கையிலிருந்து 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி 5.12 டாலரை வாடிக்கையாளர் தரும் டிப்ஸில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்று மத்தியச் சட்டம் அனுமதிக்கிறது. அந்த 2.13 என்ற தொகை 1991-க்குப் பிறகு ஒரு சென்ட்கூட உயரவில்லை. நியூ ஜெர்சியில் நிலைமை சற்று மேல். 2025-இல் பெரும்பாலான தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம் 15.49 டாலராகவும், டிப்ஸ் வாங்கும் சர்வருக்கு முதலாளி தர வேண்டியது 5.62 டாலராகவும் இருந்தன. டிப்ஸ் போதாமல் போனால் குறையும் தொகையை முதலாளிதான் நிரப்ப வேண்டும். கலிபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன் உள்ளிட்ட ஏழு மாநிலங்களில் டிப்ஸைக் காட்டி ஊதியத்தைக் குறைக்கும் இந்தச் சலுகையே கிடையாது. அங்கே சர்வருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியத்தை முதலாளியே கொடுத்தாக வேண்டும்.

இந்தக் கணக்கு உட்கார்ந்து சாப்பிடும் உணவகத்துக்குத் தெளிவாகப் பொருந்துகிறது. பார்சலுக்கு அப்படிப் பொருந்துவதில்லை. கல்லாவில் நின்று பார்சல் மட்டும் கொடுக்கும் ஊழியர், என் அனுபவத்தில், பெரும்பாலும் முழு மணி ஊதியத்தில் இருப்பவர். ஆனால் நடுத்தர உணவகங்களில், வெள்ளிக்கிழமை மாலை நேரத்தில், பார்சல் கட்டுபவரும் சர்வரே. நான்கு மேசைகளைக் கவனித்துக்கொண்டிருக்கும் ஒருவர் அவற்றை விட்டுவிட்டு வந்து, சாம்பாரையும் மூன்று வகைச் சட்னியையும் தனித்தனிக் கிண்ணங்களில் ஊற்றி மூடி, மசால் தோசை எது, வெங்காயத் தோசை எது என்று பெட்டி மேல் குறித்து, பத்து பேருக்கான பிரியாணியைப் பையில் சாயாமல் அடுக்கித் தருகிறார். அந்தப் பதினைந்து நிமிடத்திலும் முதலாளி அவருக்குத் தருவது டிப்ஸ் வாங்குவோருக்கான அந்தக் குறைந்த வீதத்தில்தான். அவருக்கு நாம் ஒன்றும் தராமல் வந்தால், அந்த நேரம் அவருக்கு நட்டத்தில்தான் முடிகிறது.

பார்சலில் டிப்ஸ் குறைவாகவே இருக்கும் என்பதை அமெரிக்க மத்திய வரித் துறையான ஐ.ஆர்.எஸ். விதிகளிலும் காணலாம். பெரிய உணவகங்கள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் 8027-ஆம் எண் படிவத்தில், ஊழியர்கள் அறிவித்த டிப்ஸ் மொத்த விற்பனையில் 8 சதவீதத்துக்குக் குறைந்தால், விடுபட்ட தொகையை ஊழியர்களிடையே பகிர்ந்து காட்ட வேண்டும். அந்த மொத்த விற்பனையைக் கணக்கிடும்போது பார்சல் விற்பனையைச் சேர்க்க வேண்டியதில்லை என்று விதியிலேயே விலக்கு தந்திருக்கிறார்கள்.

இனி, எனக்கு மிகவும் கவலை தரும் விஷயத்துக்கு வருகிறேன். மேசை விற்பனையில் சர்வர் தம் எண்ணை அழுத்தி பில்லைத் திறக்கிறார். அதில் சேரும் டிப்ஸ் தானாகவே அவர் பெயரில் பதிவாகிறது. இணையத்தில் வரும் பார்சல் ஆர்டரையோ எந்த மனிதரும் திறப்பதில்லை, இயந்திரமே திறக்கிறது. எனவே அதில் வாடிக்கையாளர் சேர்த்த டிப்ஸ் யார் பெயரிலும் ஏறாமல் நின்றுவிடலாம். ஆனால் பணம் மட்டும் அன்றைய விற்பனையோடு சேர்ந்து கடையின் வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். நான் கணக்குப் பார்த்த ஓர் உணவகத்தில் இப்படிப் பல மாதத் தொகை விற்பனை வருமானமாகவே எழுதப்பட்டிருந்தது. உரிமையாளர் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. டிப்ஸ் பதிவை வேறாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஆனால் கல்லாவில் நின்ற இளைஞருக்கும் சமையற்கட்டில் பொட்டலம் கட்டியவர்களுக்கும் சேர வேண்டிய பணம் சேரவில்லை என்பதே உண்மை.

2018-இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. ஊழியர்களுக்கு வந்த டிப்ஸை முதலாளியோ மேலாளரோ எடுத்துக்கொள்ளக் கூடாது. மேலாளர் தாம் ஒருவரே முழுமையாகச் செய்த சேவைக்கு வாடிக்கையாளர் நேரடியாகத் தந்ததை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். மீறினால், எடுத்த தொகையோடு அதே அளவு இழப்பீடும் தர நேரிடும். எல்லோருக்கும் முழுக் குறைந்தபட்ச ஊதியம் தரும் கடையில், டிப்ஸைச் சமையற்காரருக்கும் பாத்திரம் கழுவுபவருக்கும் பகிரவும் அதே திருத்தம் வழிவிட்டது. பார்சலைப் பொறுத்தவரை இதுதான் நியாயமான ஏற்பாடு என்று நான் கருதுகிறேன், ஏனெனில் பார்சலின் உழைப்பில் பெரும்பகுதி நம் கண்ணுக்குத் தெரியாத சமையற்கட்டிலேயே நடக்கிறது.

எவ்வளவு கொடுப்பது? அமெரிக்க நாகரிக வழக்கங்களுக்கு மேற்கோளாகக் காட்டப்படும் எமிலி போஸ்ட் நிறுவனம், பார்சலுக்கு டிப்ஸ் கட்டாயமில்லை என்றும், கார் வரை கொண்டுவந்து தந்தாலோ ஆர்டர் பெரியதாகவோ சிக்கலானதாகவோ இருந்தாலோ 10 சதவீதம் தரலாம் என்றும் சொல்கிறது. என் பழக்கமும் ஏறத்தாழ அதுவே. தயாராக இருக்கும் ஒரு பெட்டியை எடுத்து நீட்டினால் ஒன்றும் தருவதில்லை, அதில் எனக்குக் கூச்சமும் இல்லை. நான்கைந்து உருப்படிகளைக் கவனமாகக் கட்டித் தந்தால் இரண்டு மூன்று டாலர். விருந்துக்கான ஆர்டர் என்றாலோ, பனி கொட்டும்போது காருக்கே வந்து தந்தாலோ 10 சதவீதம், சில சமயம் அதற்கு மேலும்.

திரை காட்டும் சதவீதத்துக்கு நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. பியூ ஆய்வு மையம் 2023-இல் நடத்திய கருத்துக்கணிப்பில், ஐந்து ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிட அதிக இடங்களில் டிப்ஸ் எதிர்பார்க்கப்படுகிறது என்று 72 சதவீதத்தினர் கூறினர். இந்தத் திரைகள் பெருகியதே அதற்கு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. சில இயந்திரங்கள் விற்பனை வரியையும் சேர்த்த தொகையின் மேல் டிப்ஸைக் கணக்கிடுகின்றன. நியூ ஜெர்சியில் அந்த வரி 6.625 சதவீதம், 60 டாலர் ஆர்டருக்கு 20 சதவீதம் என்றால் 12 டாலர் ஆக வேண்டியது 12.80 ஆகிவிடுகிறது. பில்லில் சேவைக் கட்டணம் என்று ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். கடை தானாகச் சேர்க்கும் கட்டணத்தை ஐ.ஆர்.எஸ். டிப்ஸாகக் கருதுவதில்லை, மத்தியச் சட்டப்படி அது கடையின் வருமானம், ஊழியருக்குக் கொடுத்தால்தான் அவருடைய ஊதியமாகும்.

டிப்ஸ் ஊழியருக்குப் போய்ச் சேருமா என்ற ஐயம் இருந்தால் ரொக்கமாகக் கையில் கொடுப்பது நல்லது. கொடுக்கும்போது, இணையத்தில் நாங்கள் சேர்க்கும் டிப்ஸ் உங்களுக்கு வருகிறதா என்று ஊழியரிடம் மென்மையாகக் கேட்டுப் பாருங்கள். முதலாளி அருகில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள், அவர்களுக்குச் சங்கடம் நேரக் கூடாது.

மேலே சொன்ன உணவகத்தில் பழைய பதிவுகளையெல்லாம் எடுத்து, அந்தந்த நாளில் வேலை பார்த்தவர்களின் மணிக்கணக்கைக் கொண்டு தொகையைப் பிரித்து, வேலையை விட்டுப் போனவர்கள் உட்பட அனைவருக்கும் உரிமையாளர் காசோலை கொடுத்தார். இப்போது கல்லாவின் அருகே, பார்சல் டிப்ஸ் முழுவதும் கல்லா ஊழியருக்கும் சமையற்கட்டு ஊழியருக்கும் மணிக்கணக்கில் பிரித்துத் தரப்படுகிறது என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.