மாபிளிங்: கல்லில் இருந்து இறைச்சிக்கு வந்த சொல்

சமையல் காணொளிகளிலும் இங்கே கிழக்கிலங்கையில் பாசிக்குடா, அறுகம்குடாப் பக்கத்து உணவகப் பட்டியல்களிலும் இப்போது அடிபடும் சொல் மாபிளிங். தமிழ்நாட்டில் மார்பிளிங் என்று எழுதுவார்கள். வெட்டிய இறைச்சித் துண்டின் சிவப்புத் தசைக்குள் வெள்ளையாக, நூல் நூலாகவும் புள்ளி புள்ளியாகவும் ஓடும் கொழுப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். தோலுக்கடியில் படலமாகக் கிடப்பது மாபிளிங் ஆகாது. இரண்டு தசைகளுக்கு நடுவே கட்டியாக இருப்பதும், குண்டிக்காயை (சிறுநீரகத்தை) சுற்றி இருப்பதும் ஆகாது. ஒரே தசைக்குள், நார்க்கட்டுகளின் ஊடே இருக்க வேண்டும்.

சொல்லின் வேர் கிரேக்கம். 'மார்மரோஸ்' என்றால் மினுங்கும் கல். இலத்தீனில் அது 'மார்மோர்' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'மாபிள்' ஆனது. அந்தக் கல்லில் ஓடும் நிறக்கோடுகளைப் பார்த்து, மையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காகிதத்தில் பிடிக்கும் அலங்காரத்துக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். இறைச்சிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானியருக்குக் கல் நினைவுக்கு வரவில்லை. 'சிமோஃபுரி', அதாவது உறைபனி விழுந்தது என்றார்கள். சீனத்தில் அது பனிப்பூ இறைச்சி. கொரியர்கள் மட்டும் நம்மைப் போல ஆங்கிலச் சொல்லையே வாங்கிப் புழங்குகிறார்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் ஏன் முளைக்கவில்லை? ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று மாட்டிறைச்சி நன்றாக ஓடும் ஊர்களுக்கு இங்கே பஞ்சமில்லை. ஆனால் நம் கடைகளில் எலும்போடு துண்டு துண்டாகத்தான் போடுவார்கள். விலாவுக்கு மேலே முதுகுத்தண்டை ஒட்டி ஓடும் நீளத்தசையைக் குறுக்கே வெட்டினால்தான் இந்தக் கொழுப்பு தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் 12ஆம், 13ஆம் விலாக்களுக்கு நடுவிலும், ஜப்பானில் 6ஆம், 7ஆம் விலாக்களுக்கு நடுவிலும் வெட்டி அந்த முகத்தைப் பார்த்துத்தான் தரம் போடுகிறார்கள். ஜப்பானிய அளவுகோல் 1 முதல் 12 வரை. பெரிதாகப் பேசப்படும் 'ஏ5' தரத்துக்கு அதில் 8க்குக் குறையக்கூடாது. நம் கடையில் அந்த வெட்டுமுகமே கண்ணில் படாது. கண்ணில் படாததற்குப் பெயர் எதற்கு?

இரண்டாவது காரணம் மாடு. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பட்டிகளில் நிற்கும் ஊர்மாடு திமிலுள்ள சிறிய உடம்புக்காரி. வெயிலையும் உண்ணியையும் தாங்கும், வைக்கோலைத் தின்றும் உயிரைப் பிடித்துக்கொள்ளும். உழவும் சூடடிக்கவும் வண்டி இழுக்கவும் ஏற்றதாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த இனம் அது. தசைக்குள் கொழுப்புக் கட்ட வேண்டும் என்று யாரும் நாம்பனை (இளங்காளையை) தெரிவு செய்ததில்லை. ஜப்பானின் கறுப்பு வாக்யு கதை வேறு. அதுவும் முன்பு உழவு மாடுதான். ஆனால் பிற்பாடு பல தலைமுறையாக இந்த ஒரு குணத்துக்கென்றே காளைகளைத் தெரிவு செய்தார்கள். அதன் முதுகுத் தசையில் கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டுவதும் உண்டு. சாதாரண மெலிந்த இறைச்சியில் இரண்டு மூன்று சதவீதம் இருந்தால் பெரிது.

இப்படித் தெரிவு செய்து வளர்க்க முடிந்ததற்குக் காரணம், இந்தக் குணம் பரம்பரையில் நன்றாக இறங்குவதுதான். ஒரே தீனி தின்று ஒரே இடத்தில் வளரும் மாடுகளுக்குள்ளும் மாபிளிங்கில் வேறுபாடு இருக்கும். அந்த வேறுபாட்டில் ஏறத்தாழ 30 முதல் 50 சதவீதம் பரம்பரையலகுகளால் வருவது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. (நம் பள்ளிப் புத்தகத்துப் பரம்பரையலகைத்தான் தமிழ்நாட்டார் மரபணு என்கிறார்கள்.) சினைப்பிடிக்கும் திறன் போன்ற குணங்களில் இந்தப் பங்கு 10 சதவீதத்தைத் தொடுவதே அபூர்வம். ஆகவே நல்ல காளையைத் தெரிந்தால் இறைச்சியில் மாற்றம் சில தலைமுறைகளிலேயே தெரியும்.

மென்மை வேறு கணக்கு. மாபிளிங் இருந்தால் இறைச்சி மென்மையாக இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். அதில் கொஞ்சம்தான் உண்மை. மாட்டை அறுத்த பிறகு தசைக்குள் இருக்கும் கல்பெயின் என்ற நொதி நார்களைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து இளக்குகிறது. கல்பாஸ்டாட்டின் என்ற புரதம் அதைத் தடுக்கிறது. திமிலுள்ள மாடுகளில் இந்தத் தடுப்புப் புரதம் கூடுதலாக வேலை செய்வதால், ஐரோப்பிய இனங்களைவிட அவற்றின் இறைச்சி இறுக்கமாக இருக்கிறது. அதோடு இங்கே கடைக்கு வருவது பெரும்பாலும் பால் வற்றிய கிழப்பசு, வேலை ஓய்ந்த எருது. வயதாக ஆகத் தசையைக் கட்டியிருக்கும் கொலாஜன் இறுகும். அதனால்தான் நம் ஆணம் நெடுநேரம் அடுப்பில் கிடக்கிறது. நீண்ட நேரம் கொதித்தால் அந்தக் கொலாஜனே கரைந்து குழம்பைத் தடிப்பாக்கும். வாக்யுவைக் கொண்டுவந்து இப்படி ஆக்கினால் கொழுப்பெல்லாம் உருகி மேலே எண்ணெயாக மிதக்கும். காசுக்குப் பிடித்த கேடு.

இதற்கு நேர் எதிர்த் திசையில் போன இனங்களும் உண்டு. பெல்ஜியன் புளூ மாட்டைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், புட்டமும் தோளும் புடைத்துக்கொண்டு நிற்கும். தசை வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் பரம்பரையலகு அதில் பழுதாகிக் கிடக்கிறது. இது 1997இல் தெரியவந்தது. அந்த மாட்டில் இறைச்சி குவியும், மாபிளிங் மட்டும் கிட்டத்தட்ட இருக்காது. பன்றியிலும் இதே இழுபறிதான். பியட்ரேன் இனம் மெலிந்த இறைச்சிக்குப் பேர் போனது, டியூரொக் தசைக்குள் கொழுப்புக் கட்டுவதற்கு.

சரி, நம்மிடம் இப்போது கலப்பு மாடு வந்துவிட்டதே? வந்தது பாலுக்காக. ஜேர்சி, பிறீசியன், சாகிவால் விந்தை ஊசி மூலம் ஏற்றிப் பிறந்த கன்றுகள் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நிறைய நிற்கின்றன. பலருக்குத் தெரியாத விஷயம், ஜேர்சி உடம்பில் சிறிதானாலும் தசைக்குள் கொழுப்புக் கட்டுவதில் கெட்டிக்கார இனம். ஆனால் அதன் கொழுப்பு மஞ்சள். புல்லில் உள்ள கரோட்டின் என்ற மஞ்சள் நிறப்பொருளை விற்றமின் ஏ ஆக முழுவதும் மாற்றாமல் கொழுப்பில் சேர்த்துவைப்பது அந்த இனத்தின் பிறவிக் குணம். புல்லில் வளர்ந்த கிழமாட்டின் கொழுப்பும் மஞ்சளாகும் என்பதால், கடையில் மஞ்சளைக் கண்டவர் 'கிழடு' என்று முகம் சுளிப்பார். குர்பானுக்கு மாடு பார்க்கிறவரும் வெளியே தெரியும் கொழுப்பைத்தான் தடவிப் பார்க்கிறார். உள்ளே இருப்பது அறுத்த பிறகுதான் தெரியும்.

இனம் இருந்தாலும் தீனி வேண்டும். உடம்பில் கடைசியாகக் கட்டுவதும் தசைக்குள் சேரும் இந்தக் கொழுப்புத்தான். பெரும்போக வயல் முளைத்ததும் பட்டிகள் மாதவனை, மயிலத்தமடு மேய்ச்சல் தரைப் பக்கம் போய்விடும். அறுவடை முடிந்தால் வயலுக்குத் திரும்பும். கோடையில் விலா எலும்பு எண்ணலாம். அப்படி நடந்து நடந்து மேயும் மாட்டில், வாக்யு தகப்பனாகவே இருந்தாலும், தசைக்குள் சேர மிச்சம் இருக்காது. ஜப்பானில் மாதக்கணக்காகத் தானியம் கொடுக்கிறார்கள். கொழுப்பேற்றும் காலத்தில் விற்றமின் ஏ சத்தைக்கூட வேண்டுமென்றே குறைக்கிறார்கள்.

இனித் தமிழ்ச் சொல். இணையத்தில் 'பளிங்குத் தன்மை' என்று சிலர் எழுதுகிறார்கள். இது நேரெதிரான பொருளைத் தரும். 'அடுத்தது காட்டும் பளிங்குபோல்' என்பது குறள். தமிழில் பளிங்கு தெளிவுக்கு உவமை, கறை இல்லாதது. பளிங்கு இறைச்சி என்றால் கொழுப்பே இல்லாத இறைச்சி என்றுதான் தோன்றும். மாபிளுக்கு அகராதியில் உள்ள இன்னொரு பெயர் சலவைக்கல். அதைச் சொன்னால் துணி துவைக்கிற இடத்துக்குப் போய்விடுவோம்.

'நிணம்' பழைய சொல், சங்கப் பாட்டில் கொழுத்த ஊனோடு வருவது. எனக்குப் பிடித்ததுதான். ஆனால் இன்று நிணம் என்றால் நிணநீரும் புண்ணும் நினைவுக்கு வருகின்றன. சாப்பாட்டுத் தட்டுக்குப் பொருந்தாது. 'கொழுப்பு வரி' பரவாயில்லை என்று தோன்றும், ஒரு சிக்கலைத் தவிர. வேகமாக வளரும் புறொய்லர் கோழி இனங்களின் நெஞ்சுத் தசையில் நார்களோடு இணையாக வெள்ளை வரிகள் விழுகின்றன. அது தசை நைந்து, அந்த இடத்தில் கொழுப்பும் நாரிழையமும் நிரம்பிய கோளாறு. அதற்கு 'வெண்வரி' என்றுதான் பெயர் வைக்க வேண்டியிருக்கும். மாட்டில் காசு கூட்டுவதற்கும் கோழியில் தரம் குறைப்பதற்கும் ஒரே வரியைக் கொடுத்தால் குழப்பம்.

'தசையிடைக் கொழுப்பு' என்றும் எழுதக்கூடாது; அது தசைக்கும் தசைக்கும் நடுவே கிடப்பது. ஆய்வுகூடத்தில் அளந்து சதவீதமாகச் சொல்வதற்குத் 'தசையகக் கொழுப்பு' சரி. கண்ணால் பார்த்துச் சொல்லும் மாபிளிங்குக்கு நான் எடுத்துவைப்பது 'ஊடுகொழுப்பு'. ஊடுபயிர், ஊடுபாவு என்று வயலிலும் தறியிலும் ஏற்கனவே உள்ள அமைப்பு. 'கல்முனை ஊடாக' என்று பஸ் பலகையில் வாசிக்கிறவர்களுக்கு இது புதிதும் அல்ல. 'இந்தக் கலப்பில் ஊடுகொழுப்புக் கூட', 'நல்லா ஊடு கொழுத்த இறைச்சி' என்று பேச்சிலும் புரளும். கொழுப்பு என்றால் திமிர் என்ற பொருளும் இருப்பதால் முதலில் யாராவது சிரிப்பார்கள். சிரிக்கட்டும், கல்லின் பெயரை இறைச்சிக்கு வைத்ததைவிட இது ஒன்றும் வேடிக்கையில்லை.