ரெண்டு மாத்திரைக்கும் நடுவில் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுத்தானே சாப்பிட்டேன்!

இந்த மாதம் மட்டும் இதை நாலு பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். மருந்துக் கடைக் கவுண்டரில் நிற்கிறவனுக்கு இதைவிட எரிச்சலும் பயமும் தருகிற பேச்சு வேறில்லை.

நாலாவதாகச் சொன்னவர் இதய வால்வு மாற்றிக்கொண்ட ஒரு பெரியவர். ரத்தம் உறையாமலிருக்க வருஷக்கணக்காக அசிட்ரோம் போடுகிறார். பல்வலிக்கு வேறு ஊரில் டாக்டரைப் பார்த்திருக்கிறார். கிருமியைக் கொல்ல மெட்ரோனிடசோலும் வலிக்கு அசிக்ளோஃபெனாக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று ஆபரேஷன் விஷயத்தை அங்கே இவர் சொல்லவே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் தலையணை உறை முழுக்க ரத்தம். வாயில் துண்டை அழுத்திப் பிடித்தபடி மகனோடு கடைக்கு வந்தார், 'ரத்தம் நிற்க ஏதாவது மாத்திரை கொடுங்க' என்று! அப்படியே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டுகிற ஐ.என்.ஆர். அளவு அவருக்கு 3.5-ஐத் தாண்டக்கூடாது, 8-க்கு மேல் போயிருந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

அவரும் ஒரு மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் சாப்பிட்டாராம்.

மாத்திரைகள் வயிற்றில் ஒன்றையொன்று பார்த்தால்தான் சண்டை போடும் என்று நினைக்கிறோம். அப்படி இல்லைங்க. மாத்திரை கரைந்து ரத்தத்தில் ஏறிய பிறகுதான் அதன் வேலையே ஆரம்பிக்கிறது, அந்த வேலை மணிக்கணக்கில், சிலதற்கு நாள்கணக்கில் நீடிக்கும். மெட்ரோனிடசோலை நாளுக்கு மூன்று வேளை போடுகிறவர் உடம்பைவிட்டு அது முழுசாக வெளியேறவே வெளியேறாது. கல்லீரல் அசிட்ரோமை வெளியேற்றுவதை அது மந்தமாக்கிவிடும், அதனால் தினமும் போடுகிற அதே அளவே அதிகமாகிவிடும். இதில் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று பிரித்துப் போட்டு என்ன பயன்? ஒரு மணி நேரம் இல்லை, ஆறு மணி நேரம் விட்டாலும் இதே கதைதான்.

இடைவெளி உதவுகிற மாத்திரைகளும் உண்டு, அதனால்தான் இந்தக் குழப்பமே. தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைக்கும் நாலு மணி நேரம் விட வேண்டும், இல்லையென்றால் தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. அது குடலில் நடக்கிற விஷயம். அதை எல்லா மருந்துக்கும் பொதுவிதியாக்கிவிடாதீர்கள்.

அப்புறம் மூட்டுவலி. பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் நீர் பிரியும் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறவர்கள் 'அந்தப் பச்சை அட்டை ரெண்டு குடுப்பா' என்று வலி மாத்திரை கேட்டால் நான் கொடுப்பதில்லை. சிறுநீரகத்துக்கு இந்த மூன்றும் சேர்வது ஆகாது. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள், தெரியும். பாராசிட்டமாலும் அப்படித்தான்: காய்ச்சலுக்கு 650 ஒன்று, சளிக்கு இன்னொன்று என்று போடுவார்கள், சளி மாத்திரைக்குள்ளேயும் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையைத் திருப்பிப் பாருங்கள்.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைக்கிறவர்கள் ஆண்மைக் குறைவுக்கான மாத்திரையைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி உயிரே போகலாம். வெட்கப்பட்டு மறைக்கிற விஷயமில்லை இது.

தயவுசெய்து ஒன்று செய்யுங்கள். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும், சூரணம், லேகியம் உட்பட, ஒரு பையில் போட்டு எந்த டாக்டரிடம் போனாலும் கொண்டுபோங்கள். பல் டாக்டராக இருந்தாலும் சரி, கண் டாக்டராக இருந்தாலும் சரி. 'வெள்ளை மாத்திரை, சின்னதா இருக்கும்' என்று சொன்னால் யாருக்கும் புரியாது. அட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் உள்ள பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். புது மருந்து வாங்கும்போது, 'ஏற்கெனவே இதெல்லாம் போடுகிறேன், சேருமா?' என்று கேளுங்கள். கடையில் கூட்டமாக இருந்தாலும் கேளுங்கள், பதில் சொல்வது எங்கள் வேலை.

அசிட்ரோம் போடுகிறவர்களுக்கு ஈறில் ரத்தம், கறுப்பு மலம், காரணமில்லாமல் தோலில் கன்றல் எது தெரிந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். இதைப் படித்துவிட்டுப் பயந்துபோய் நீங்களாகவே அசிட்ரோமை நிறுத்திவிடாதீர்கள், வால்வில் ரத்தம் உறைந்துவிடலாம்.