கல்லீரலில் தேங்கும் செம்பும் சீன மருத்துவத்தின் ‘காற்றும்’

இருபது வயதுகூட ஆகாத பையனுக்குக் கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, கையெழுத்து கோணுகிறது. மூளைக் கோளாறு என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் இது வில்சன் நோயாக இருந்தால், சிக்கல் தொடங்கிய இடம் கல்லீரல். 1912-ல் நரம்பியல் மருத்துவர் கின்னியர் வில்சன் விரிவாக எழுதிய இந்த மரபணு நோய் ஏறக்குறைய 30,000 பேரில் ஒருவருக்கு வருகிறது.

சாப்பாட்டிலிருந்து தினமும் ஓரிரு மில்லிகிராம் செம்பு உள்ளே போகிறது. மிஞ்சியதைப் பித்தநீரில் தள்ளிவிடுவது ஏடிபி7பி என்ற புரதத்தின் வேலை. அதற்கான மரபணு 13-வது குரோமோசோமில் இருப்பது 1993-ல் தெரியவந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதன் பழுதான பிரதியே வந்து சேர்ந்தால், செம்பு வெளியேற வழியின்றிக் கல்லீரலில் தேங்கும். பிறகு ரத்தத்தில் கசிந்து மூளையில் படியும். கருவிழியின் விளிம்பிலும் படிந்து, பழுப்பும் பச்சையும் கலந்த வளையமாகத் தெரியும்.

சீனாவின் பழைய மருத்துவ நூலான ‘ஹுவாங்டி நெய்ஜிங்’, நடுக்கமும் தலைசுற்றலும் தரும் ‘காற்று’ நோய்கள் எல்லாம் கல்லீரலைச் சேர்ந்தவை என்கிறது. கல்லீரலின் வாசல் கண் என்பதும் அந்த மரபின் கருத்து. கல்லீரல், நடுக்கம், கண் மூன்றும் ஒரே நோயில் கூடுவதைப் பார்க்கையில் சிலிர்க்கிறது. ஆனாலும் இதை நிரூபணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பார்க்கின்சன் நடுக்கத்தையும் அந்த மருத்துவம் கல்லீரல் காற்று என்றே சொல்கிறது. அதில் கல்லீரலுக்குப் பங்கே இல்லை.

ஹெஃபெய் நகரில் உள்ள அன்ஹுய் சீன மருத்துவப் பல்கலைக்கழகம் இந்த நோய்க்குப் பெயர்பெற்ற இடம். அங்கே செம்பை ‘நஞ்சு’ என்று கொண்டு, அதைக் கழிவோடு வெளியேற்றக் ‘கன்தோ’ என்ற கஷாயம் தருகிறார்கள். இரேவற்சின்னி, மஞ்சள், காப்டிஸ் என்ற கசப்பு மூலிகையின் வேர் எல்லாம் அதில் சேரும். இரேவற்சின்னி பேதி மருந்து என்பது நமக்கும் தெரிந்ததுதான். இந்தக் கஷாயத்தைப் பெரும்பாலும் நவீன மருந்துகளோடு சேர்த்தே கொடுக்கிறார்கள். கஷாயத்தின் பலனை உறுதியாகச் சொல்லப் பெரிய, கறாரான ஆய்வுகள் வேண்டும்.

நவீன மருந்துகள் செய்வது தெளிவானது. பெனிசிலமைன் செம்பைப் பற்றிச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. துத்தநாகம் குடலிலேயே செம்பைத் தடுக்கிறது. வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டிய மருந்து இது. கஷாயத்தை நம்பி நிறுத்தினால் கல்லீரல் செயலிழந்து உயிரே போகலாம்.

நோயாளியின் உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் இதே நோய் இருக்க 25 சதவீத வாய்ப்பு உண்டு. நடுக்கமோ மஞ்சள்காமாலையோ தென்படாதவரை, அறிகுறியை வைத்து நோயறியும் மருத்துவத்துக்கு அவர்கள் நலமானவர்கள்தான். மரபணுச் சோதனை அப்போதே காட்டிக்கொடுக்கும். அன்றைக்கே மருந்தைத் தொடங்கி, இடைவிடாமல் எடுத்துவருபவர்களுக்குப் பெரும்பாலும் நடுக்கம் வருவதே இல்லை.