டெகாலுக்கு அடியில் பூக்கும் வெள்ளை

சூலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "1/32 அளவு மிக்-21 மாடல் ஒண்ணு கட்டி முடிச்சனுங்க. மேட் கரும்பச்சை அடிச்சு, ரெக்கையில மூவண்ண வட்டம் ஒட்டுறப்ப ராத்திரி பதினொரு மணி. அச்சு அசலா இருந்துச்சுங்க. காலையில எந்திரிச்சுப் பாத்தா வட்டத்தச் சுத்தியும், நம்பர் எழுத்துக்கு நடுவுலயும் சாம்பல் தெளிச்சாப்புல வெள்ளையா மினுங்குது. டெகால் பழசுங்களா, இல்ல எங்கூட்டுத் தண்ணி சரியில்லீங்களா?"

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் இந்திய விமானப்படையின் மிக்-21 போர்விமானம் விடைபெற்றது. 1963-இல் வந்த விமானம், 62 வருடம் பறந்தது. விமானப்படைத் தளம் உள்ள ஊரில், தலைக்கு மேலே தினமும் தேஜஸ் போர்விமானத்தைப் பார்க்கும் சூலூர்க்காரர் மேசையில் மிக்-21 கட்டுவதில் வியப்பில்லை. நிஜ விமானத்தின் இறக்கை அகலம் 7.15 மீட்டர், 1/32-இல் அது 22 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவு பெரிய இறக்கையில் இந்த வெள்ளை தெரிந்தால் கண்ணை உறுத்தும்தான்.

பழைய டெகாலும் (தண்ணீரில் ஊறவைத்துத் தாளிலிருந்து நகர்த்தி மாடலில் ஒட்டும் படம்) கெட்ட தண்ணீரும் சந்தேகப்பட வேண்டியவையே. ஆனால் முதல் குற்றவாளி அவை இரண்டும் அல்ல, கரும்பச்சைப் பெயிண்ட். துப்பும் கடிதத்திலேயே இருக்கிறது: ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் வெளுத்தது.

கட்டும் வேலையை இங்கே நீட்டப்போவதில்லை. பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவது (அச்சிலிருந்து வந்த பிசுக்கு போகாவிட்டால் பெயிண்ட் உரியும்), ஒட்டிய இணைப்பை 24 மணி நேரமாவது விட்டுப் பிறகு தேய்ப்பது (பசை இளக்கிய பிளாஸ்டிக் முழுதாக இறுகுமுன் தேய்த்தால், பிறகு சுருங்கி அதே இடத்தில் கோடு திரும்ப வரும்), 400, 600, 1000 என்று உப்புத்தாளை ஏற்றுவது, பிரைமர், பெயிண்ட். இவையெல்லாம் எல்லா மாடலுக்கும் பொதுவான வேலை. கார் பெயிண்ட் கடை என்.சி. தின்னரை மட்டும் வெறும் பாலிஸ்டைரின் (மாடலின் பிளாஸ்டிக்) மேல் காட்ட வேண்டாம். மேல்பரப்பு சிலந்தி வலைபோல வெடித்துவிடும்.

இனி வெள்ளை. டெகால் என்பது தாள், அதன்மேல் தண்ணீரில் கரையும் பசை, அதன்மேல் நிறமற்ற படலம், படலத்தின் மேல் மை. மை உள்ள இடத்தில் அடியில் என்ன கோளாறு இருந்தாலும் அது மறைத்துவிடும். வட்டத்தின் ஓரத்திலும் எழுத்துகளின் நடுவிலும் இருக்கும் வெறும் படலத்தில்தான் குட்டு வெளிப்படும். வாசகர் சரியாகத்தான் கவனித்திருக்கிறார்.

மேட் பெயிண்ட் ஒளியை மழுங்கடிப்பது அதில் கலந்த சிலிகாத் துகள்களால். சில மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்கள் பரப்பை மேடும் பள்ளமுமாக ஆக்குகின்றன. உழுது போட்ட காடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் தார்ப்பாய் விரித்தால் என்ன ஆகும்? பாய் கட்டிகளின் தலையில்தான் உட்காரும், சாலுக்குள் இறங்காது. டெகால்தான் அந்தத் தார்ப்பாய். சாலில் சிக்கிய காற்றுதான் வெள்ளை.

காற்றுக்கு நிறமே இல்லையே, எப்படி வெளுக்கும்? இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் ஒளியின் ஒரு பங்கு திரும்பி வரும். எவ்வளவு திரும்பும் என்பதை ஒளிவிலகல் எண்களின் வித்தியாசம் முடிவு செய்கிறது. இரண்டு எண்களின் கழித்தலைக் கூட்டலால் வகுத்து, வருவதை வர்க்கப்படுத்தினால் போதும். அக்ரிலிக் வகைப் பெயிண்டுக்கும் படலத்துக்கும் ஏறத்தாழ 1.49, காற்றுக்கு 1. கணக்குப் போட்டால் 4 சதவீதம். காற்றுப்பை ஒன்றுக்கு எல்லை இரண்டு: படலத்திலிருந்து காற்றுக்கு ஒன்று, காற்றிலிருந்து பெயிண்டுக்கு ஒன்று. ஆக 8 சதவீதத்துக்குப் பக்கமாகத் திரும்புகிறது, அதுவும் கரடான பரப்பில் பட்டு நாலா பக்கமும் சிதறி. கரும்பச்சை தன் மேல் விழும் ஒளியில் பெரும்பங்கை விழுங்கிவிட்டு மிகக் கொஞ்சத்தையே திருப்புகிறது. அந்தக் கொஞ்சத்தோடு எல்லா நிறமும் கலந்த இந்த 8 சதவீதமும் சேர்ந்தால் சாம்பல் படியாமல் என்ன செய்யும்? வெள்ளைப் பெயிண்டின் மேல் இதே கோளாறு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

இப்போது ராத்திரிக்கு வாருங்கள். ஒட்டிய நேரத்தில் சாலெல்லாம் தண்ணீர். தண்ணீரின் எண் 1.33. அதே சூத்திரத்தில் 1.49-ஐயும் 1.33-ஐயும் போட்டால் 0.3 சதவீதம்தான் வரும். 4 எங்கே, 0.3 எங்கே! காடு அப்படியேதான் கரடாக இருக்கிறது; தண்ணீர் அதை ஒளியின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருக்கிறது. விடிவதற்குள் தண்ணீர் ஆவியாகி, அந்த இடத்தில் காற்று புகுந்ததும் வெளுத்துவிட்டது. டீக்கடையில் வடை மடித்துக் கொடுக்கும் தாளில் எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடியாகிப் பின்பக்க எழுத்து தெரிவதும், நனைந்த வேட்டி உடம்பைக் காட்டிக்கொடுப்பதும் இதே கணக்குதான். நார்களுக்கு நடுவே காற்று இருந்தால் வெள்ளை. அதை எண்ணெயோ தண்ணீரோ நிரப்பினால் ஊடுருவித் தெரியும்.

ஆனால் தண்ணீர் போன இடத்தில் காற்றுதான் வர வேண்டும் என்று விதியா? படலமே கீழே இறங்கி அந்த இடத்தை நிரப்பலாமே? நிரப்பக்கூடிய விசை அங்கே இருக்கிறது, லேசுப்பட்டதும் அல்ல. இரண்டு பரப்புகளுக்கு நடுவே மெல்லிய நீர் இருந்தால், ஓரத்தில் வளைந்து நிற்கும் நீரின் பரப்பு இழுவிசை இரண்டையும் நெருக்கி இழுக்கும். இழுப்பின் அளவு, பரப்பு இழுவிசையின் இரு மடங்கை இடைவெளியால் வகுத்தது. நீருக்கு மீட்டருக்கு 0.072 நியூட்டன், இடைவெளி 2 மைக்ரோமீட்டர் என்றால் வருவது 72,000 பாஸ்கல். வளிமண்டல அழுத்தத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு! நம் விரலால் துணி வைத்து ஒற்றுவதெல்லாம் இதன்முன் சும்மா. காயக் காய இடைவெளி குறைகிறது, குறையக் குறைய இழுப்பு கூடுகிறது. டெகாலைக் கீழே இறக்குவது நாம் அல்ல, காய்ந்துகொண்டிருக்கும் அந்தத் தண்ணீர்தான்.

எனவே இது ஒரு பந்தயம். தண்ணீர் தீர்ந்துபோகுமுன் படலம் வளைந்துகொடுத்தால் பள்ளத்தில் படியும். விறைத்துக்கொண்டால், ஏதோ ஒரு மூலையில் காற்று உடைத்துக்கொண்டு நுழையும். பழைய டெகாலுக்கு இங்கேதான் பங்கு: வருடங்கள் போகப் போகப் படலம் விறைக்கும். டெகால் இளக்கும் திரவம் (மிஸ்டர் மார்க் சாஃப்டர், மைக்ரோ சால் போன்றவை) செய்வது, தண்ணீரின் இழுப்பைக் கூட்டுவதல்ல. படலத்தின் பாலிமர் இழைகளுக்கு நடுவே கரைப்பான் புகுந்து அதைத் தளர்த்துகிறது, அவ்வளவுதான். ஊறும்போது படலம் பருத்துச் சுருங்கல் விழும். பார்த்ததும் பதறிக் கை வைப்பவர்கள் டெகாலைக் கிழிக்கிறார்கள். அரை மணி நேரம் அந்தப் பக்கம் போகாமல் இருந்தால், காயும்போது தானே இழுத்து நேராக்கிக்கொள்ளும்.

பெரிய அளவு மாடலுக்கு இந்தப் பந்தயம் இன்னும் கடினம். 1/72-இல் 9 மி.மீ. உள்ள வட்டம் 1/32-இல் 20 மி.மீ. ஆகும். பரப்பு ஐந்து மடங்கு, தண்ணீர் வெளியேறும் ஓரமோ இரண்டேகால் மடங்குதான். ஓரம் முதலில் காய்ந்து ஒட்டிவிட, நடுவில் தண்ணீர் சிறைப்படும். போதாக்குறைக்கு 1/32 பெட்டிகள் பலவற்றில் ஆணித்தலைகளைக் குழிகளாகச் செதுக்கியிருப்பார்கள்; குழி ஒவ்வொன்றும் ஒரு காற்றுக் கிணறு.

பந்தயத்தையே எளிதாக்கும் வழி, காட்டைப் பரம்படிப்பது. டெகாலுக்கு முன் பளபளப்பான கிளியர் கோட், அதாவது நிறமற்ற மேற்பூச்சு. டாமியா எக்ஸ்-22 ஒரு பங்குக்கு மிஸ்டர் கலர் லெவலிங் தின்னர் ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு, ஏர்பிரஷில் (காற்றால் பெயிண்ட் ஊதும் சிறு கருவி) 0.3 மி.மீ. நாசில், 15 முதல் 18 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம்; 8 முதல் 10 செ.மீ. தூரம். முதலில் இரண்டு முறை பனிபோல லேசாக, பத்து நிமிடம் விட்டு ஒரே ஒரு ஈரக் கோட். அந்த ஈரக் கோட்தான் உயிர். மேடு பள்ளத்தைச் சமப்படுத்துவதும் பரப்பு இழுவிசையே. திரவப் படலத்தின் தடிமன் இரட்டித்தால் அது சமமாகும் வேகம் எட்டு மடங்கு கூடும், ஏனென்றால் வேகம் தடிமனின் முப்படியைப் பொறுத்தது. "மெல்லிசா அஞ்சு கோட் அடிச்சும் மினுக்கமே வரல" என்பவர்களுக்கு விடை இதுதான்: ஐந்து மெல்லிய கோட் சேர்ந்தாலும் ஒரு ஈரக் கோட் ஆகாது, ஒவ்வொன்றும் சமமாகுமுன்பே காய்ந்துவிடுகிறது. அளவு மீறினால் வழியும் என்பதும் உண்மை; இறக்கையைப் படுக்கை மட்டத்தில் வைத்து அடித்தால் அந்தப் பயம் பாதி குறையும். 24 முதல் 48 மணி நேரம் காயவிட்டு, டியூப்லைட் பிம்பத்தைப் பாருங்கள். விளிம்பு நேர்கோடாகத் தெரிந்தால் டெகால் ஒட்டலாம். மசங்கலாகத் தெரிந்தால் 2000 உப்புத்தாளை நனைத்து லேசாகத் தேய்த்து இன்னொரு கோட். கண்ணாடிபோல மின்னுகிறது என்று கார் பட்டறை 2கே கிளியரை (ஹார்ட்னர் கலந்து அடிப்பது) வீட்டுக்குள் அடிக்கிறார்கள் சிலர். அந்த ஹார்ட்னரில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது, துணி முகக்கவசம் அதற்குக் காவல் ஆகாது.

நம் சீமைக்கென்று சில தொல்லைகள் உண்டு. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று, பல்லடம் உடுமலைப் பக்கம் காற்றாலையைச் சுற்றுவதோடு நிற்பதில்லை. ஜன்னலைத் திறந்து வைத்து அடித்தால் பெயிண்ட் துளி மாடலைத் தொடுமுன்பே பாதி காய்ந்து, தூளாக வந்து உட்காரும். பளபளப்பான பெயிண்டே கரட்டுக் காடாகிவிடும். மில் இருக்கும் தெருவென்றால் பஞ்சுத் தூசியும் கூடவே வரும். ஐப்பசி மழைக்கு நேர்மாறான கோளாறு: லேக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் நுண்துளியாகப் படிந்து, கிளியரே பால்போல வெளுக்கும். அந்த வெள்ளையும் ஒளிவிலகல் எண் வித்தியாசத்தின் பிள்ளைதான். மெல்ல ஆவியாகும் லெவலிங் தின்னரை மட்டும் மேலே லேசாக ஊதினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். கம்ப்ரசரின் நீர்ப்பொறியை (காற்றிலுள்ள நீரைப் பிடிக்கும் பாகம்) அந்த மாதங்களில் ஒவ்வொரு முறையும் வடிக்க வேண்டும்.

தண்ணீர் விஷயம்: சிறுவாணித் தண்ணீர் வீட்டுக்கு வந்தால் பயமில்லை. போர்வெல் தண்ணீர் என்றால் வாசகரின் சந்தேகம் நியாயம். உப்புத் தண்ணீர்த் துளி காயும்போது ஓரத்தில்தான் வேகமாக ஆவியாகிறது; அதை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓட, உப்பும் கூடவே போய் வளையமாகப் படிகிறது. காபிக் கறை ஓரத்தில் மட்டும் அடர்ந்திருப்பதும் இதனால்தான் என்று 1997-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் நேச்சர் இதழில் விளக்கினார்கள். காபிக் கறைக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம் என்று அப்போது யாராவது கேட்டிருக்கக்கூடும். இங்க்ஜெட் மைத்துளி எப்படிக் காய்கிறது என்று புரிந்துகொள்ள இன்று அதுதான் அரிச்சுவடி. பனியனில் படம் அச்சடிக்கும் திருப்பூருக்கு இது அந்நியப் பாடமா? ராக்கெட்டுக்குக் கொடுக்கிற கவனத்தில் துளிப் பங்கையாவது துளி காய்வதற்கும் கொடுத்தால் கேடில்லை என்பது இந்தக் கட்டுரைக்காரரின் கட்சி. மாடலுக்கு வேண்டியது அதைவிட மலிவு: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர். அதை வெதுவெதுப்பாக்கி, டெகாலைப் பத்துப் பதினைந்து நொடி முக்கி எடுத்து, ஒரு நிமிடம் ஈரத்தாள் மேல் வைத்துவிட்டால் தானே நகரும்.

டெகாலே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களும் 1/32-இல் உண்டு. வண்டிக்கு ஸ்டிக்கர் வெட்டும் கடையில் ஒட்டு குறைந்த வினைலில் வளையம் வெட்டி வாங்கி, பெயிண்டாகவே அடித்துவிடலாம். முதலில் முழு வட்டமும் வெள்ளை. காய்ந்தபின் வெள்ளை வளையத்துக்கு மட்டும் மறைப்பு ஒட்டி, உள்ளே பச்சை, வெளியே காவி. வினைலை ஒட்டுமுன் நாலைந்து முறை உள்ளங்கையில் ஒற்றி எடுத்துப் பசையைக் குறைக்காவிட்டால், கழற்றும்போது அடிப்பெயிண்டும் சேர்ந்து வரும்.

ஏற்கனவே வெளுத்துப்போன வாசகரின் மிக்-21-ஐ உரிக்க வேண்டியதில்லை. புது பிளேடின் முனையால் வெள்ளை தெரியும் இடங்களில் மட்டும் பொடிப்பொடியாகக் குத்துங்கள், அரை மி.மீ.க்கு மேல் கீறல் வேண்டாம். மேலே இளக்கும் திரவம் ஒரு தடவை, காயவிட்டு இன்னொரு தடவை. மூன்றாம் தடவையும் அசையாத இடங்களுக்கு, மூன்று பங்கு தின்னரில் ஒரு பங்கு கிளியர் கலந்து, நுனித் தூரிகையால் குத்திய துளையின் வாயில் ஒரு துளி வையுங்கள். நுண்புழை இழுப்பில் அது படலத்துக்கு அடியில் தானே ஓடும். ஓடுகிற வழியெல்லாம் 1-க்குப் பதில் 1.49 நிரம்ப, வெள்ளை கரும்பச்சையாக மாறிக்கொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு நாள் காயவிட்டு மேட் கிளியர் அடித்துவிடுங்கள். அதற்குக் கீழே இனிச் சால் இல்லை.