வரலாற்று ஆராய்ச்சி: சொல் வந்த வழி

தொல்காப்பிய உரைகளின் பழைய பதிப்புகளைப் புரட்டியவர்களுக்கு ‘வ-று’ என்ற குறுக்கம் பழக்கமாகியிருக்கும். சூத்திரம், அதன் பொருள், பிறகு ‘வ-று’ என்று போட்டு நாலைந்து சொற்களோ ஒரு செய்யுளோ இருக்கும். முதல் தடவை பார்த்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். விரித்தால் அது ‘வரலாறு’. பழைய அரசர்களுக்கும் போர்களுக்கும் அங்கே வேலையில்லை. “விதியைச் சொல்லிவிட்டேன், அது வழக்கில் வருகிற விதம் இதோ” என்பதே பொருள். இன்று எடுத்துக்காட்டு என்கிறோமே, அதுதான்.

பிரித்தால் வரல் + ஆறு. வரல் என்பது வருதல். ஆறு என்பது வழி, வகை. ‘ஆற்றுப்படை’யிலும் ‘சொன்னவாறு’ என்பதிலும் உள்ள அதே ஆறு. வரல் காலம் காட்டாத தொழிற்பெயர் என்பதைக் கவனிக்க வேண்டும். வந்த வழி என்றும் கொள்ளலாம், வருகிற வழி என்றும் கொள்ளலாம். பழையது என்ற பொருள் அந்தச் சொல்லுக்குள் எங்கும் இல்லை. அதை நாம் பின்னால் ஏற்றிவிட்டோம்.

‘சரித்திரம்’ வடசொல். ‘சர்’ என்றால் நடத்தல், இயங்குதல்; அதிலிருந்து நடத்தை, ஒழுக்கம், பிறகு ஒருவர் நடந்துகொண்ட கதை. ‘இதிகாசம்’ என்பது இதி, ஹ, ஆஸ என்று பிரியும்: ‘இப்படித்தான் இருந்தது’. இந்தியில் அதுவே வரலாற்றுக்குப் பெயர். தமிழில் இராமாயணம், மகாபாரதத்தோடு நின்றுவிட்டது. நல்லதாயிற்று என்பேன். ‘இப்படித்தான்’ என்று அடித்துச் சொல்லும் சொல் ஆராய்ச்சிக்குப் பொருந்தாது.

ஹிஸ்டரியின் வேர் கிரேக்கத்தில். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் தம் நூலின் தொடக்கத்தில் ஆளும் ‘ஹிஸ்டோரியா’வுக்கு விசாரணை என்று பொருள். அதற்கும் முன்னால் ஹோமரின் இலியட்டில் ‘ஹிஸ்டோர்’ என்றொருவர் வருகிறார். வீரன் அகிலீசின் கேடயத்தில் செதுக்கிய ஒரு காட்சி: கொலையுண்டவனுக்கான ஈட்டுத்தொகை குறித்து இருவர் வழக்காடுகிறார்கள், தீர்த்து வைக்க ஹிஸ்டோரை நாடுகிறார்கள். அதாவது உண்மை அறிந்த நடுவர்.

இதைப் படித்ததும் எனக்கு நினைவுக்கு வந்தது ஆராய்ச்சி மணி. கன்றைப் பறிகொடுத்த பசு வந்து இழுத்தது என்று மனுநீதிச் சோழன் கதையில் சொல்கிறோமே, அந்த மணிக்கு ஏன் அந்தப் பெயர்? ஆராய்ச்சி அங்கே முறையீட்டை விசாரிப்பது. ‘ஆய்தல்’ என்பதற்கு ‘உள்ளதன் நுணுக்கம்’ என்கிறது தொல்காப்பிய உரியியல். இருப்பதை நுணுகச் செய்வது; இல்லாததைச் சேர்ப்பது அதில் வராது. இன்று ஆராய்ச்சி என்றதும் ஆய்வுக்கூடமும் பட்டமும் மனத்தில் வருகின்றன. மணியை இழுக்கிற கை மறந்துபோயிற்று.

விசாரணை என்றால் சான்று வேண்டும். 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில், சுந்தரர் தமக்கு அடிமை என்று, அவர் பாட்டனார் எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் ஓலையோடு வந்த முதியவரிடம் அவையோர் மூன்றில் ஒன்றைக் காட்டச் சொல்கிறார்கள்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. வழிவழியாக நடந்துவரும் வழக்கம், எழுத்து, பிறர் சாட்சி. படி ஓலையைச் சுந்தரர் கிழித்துவிட்டதால் மூல ஓலை வெளியே வருகிறது. அதோடும் விடவில்லை. சுந்தரரின் பாட்டனார் கையெழுத்துள்ள வேறோர் ஓலையை வரவழைத்து ஒப்புநோக்கிய பிறகே தீர்ப்பு. ஆவணத்தைச் சோதிக்கும் முறையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர முடியுமா என்று தெரியவில்லை.

எழுத்தும் சாட்சியும் நம் காலத்திலும் ஒரு வழக்கில் வேலை செய்தன. 1950களில் கென்யாவில் தனக்கு எதிராக எழுந்த மாவ் மாவ் கிளர்ச்சியை ஒடுக்க பிரிட்டிஷ் ஆட்சி தடுப்பு முகாம்களை நடத்தியது. அங்கே சித்திரவதைப்பட்ட முதியவர்கள் 2009இல் லண்டனில் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களிடம் இருந்தது நினைவும் உடம்பில் தழும்பும். எழுத்து? வரலாற்றாசிரியர்கள் சாட்சியம் அளித்தார்கள். இருக்க வேண்டிய கோப்புகள் ஏன் இல்லை என்ற கேள்வியும் எழுந்தது. 1963இல் கென்யா விடுதலை பெறும்போது கொண்டுவந்த ஏறத்தாழ 1,500 கோப்புகள் இங்கிலாந்தில் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் இருப்பதை 2011இல் அரசு ஒப்புக்கொண்டது. 2013 ஜூனில் 5,228 பேருக்கு, வழக்குச் செலவு உட்பட, 1 கோடியே 99 லட்சம் பவுண்டு இழப்பீடு என்று முடிவாயிற்று. மணியை இழுத்தவர்கள் உயிரோடு இருந்தவர்கள் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சரி, எந்தச் சொல்லை எழுதுவது? ‘சரித்திர ஆராய்ச்சி’ பிழையில்லை, கொஞ்சம் பழைய வாசனை. ‘வரலாற்றாய்வு’ தலைப்புக்கும் துறைப் பெயருக்கும் கச்சிதம். ஓடும் உரைநடையில் எனக்கு ‘வரலாற்று ஆராய்ச்சி’யே பிடிக்கும், அந்த மணிக்காக. ‘முதன்மைச் சான்று’ என்று பாடநூல்கள் சொல்வதை ‘மூலச் சான்று’ என்றால் மூல ஓலையின் தொடர்பு விட்டுப்போகாது. வரலாறு எழுதப்பட்ட முறையையே ஆராயும் துறை ‘வரலாற்று வரைவியல்’.

ஒரு தொடரில் மட்டும் எனக்குச் சண்டை உண்டு: ‘வரலாறு காணாத’. மழை, வெள்ளம், கூட்டம் எல்லாவற்றுக்கும் இதை ஒட்டிவிடுகிறார்கள். காணாதது வரலாறா, தேடாத நாமா? வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் கஸ்கேடியா என்ற பகுதியில் மாபெரும் நிலநடுக்கம் பற்றி எழுதிவைத்த குறிப்பே இல்லை. 1980கள் வரை பலரும் அதைச் சாதுவான பகுதியாகவே எடுத்துக்கொண்டார்கள். பசிபிக்கின் மறுகரையில் ஜப்பானிய ஊர்ப் பதிவுகளில் வேறொரு செய்தி கிடந்தது: 1700 ஜனவரி இறுதியில், நில அதிர்வு எதுவும் உணரப்படாமலே கடல் ஏறி வந்து வீடுகளைச் சேதப்படுத்தியது. காரணம் தெரியாததால் அதற்குத் தாயில்லாச் சுனாமி என்று பெயராயிற்று. 1996இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்தப் பதிவுகளிலிருந்து கணக்கிட்டு, ஜனவரி 26 இரவு சுமார் 9 மணிக்குக் கஸ்கேடியாவில் நிலம் குலுங்கியது என்றார்கள். அமெரிக்கக் கரையோரச் சேற்றில் புதைந்து பட்டுப்போயிருந்த தேவதாரு மரங்களின் வேர் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, அவை கடைசியாக வளர்ந்தது 1699இல்.