பரப்போவியம்: 'பாப் ஆர்ட்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

அக்கா மகளுக்குப் பதினேழு வயது. ஊத்துக்குளிப் பக்கம் ஊர். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஓவியக் கல்லூரியில் சேரத் தயாராகிக்கொண்டிருக்கிறாள். தான் வளர்ந்த கதையைத் தன் முகத்தை வைத்தே சொல்லும்படி ஒரு படத்தைக் கைபேசியில் வரைந்து எடுத்துக்கொண்டு போன மாதம் திருப்பூருக்கு வந்தாள். படத்தின் அடியில் 'டிஜிட்டல் பாப் ஆர்ட் செல்ஃப் போர்ட்ரெய்ட்' என்று எழுதியிருந்தது.

"மாமா, இதைத் தமிழ்லயும் எழுதோணுமுங்க. என்னன்னு போடறதுங்க?"

"ரண்டு நாள் பொறு கண்ணு" என்றேன்.

பனியனில் படம் அச்சடிக்கும் யூனிட்டில் எனக்குக் கலர் பிரிக்கிற வேலை. 'பாப் ஆர்ட்' என்ற சொல் வாரத்துக்கு நாலு தடவையாவது காதில் விழும். விளம்பரம், டப்பா லேபிள், பத்திரிகைப் படம் போன்ற அன்றாட உருவங்களை எடுத்துத் தட்டையான நிறத்தில் காட்டும் ஓவியப் பாணி அது. அதற்குத் தமிழில் ஒரு பெயர் வேண்டும் என்று அதுவரை தோன்றியதில்லை. கேட்டபிறகு விட முடியவில்லை.

முதலில் அந்தப் படம். இரண்டுக்கு இரண்டாக நான்கு கட்டம். நான்கிலும் ஒரே முகம், ஒரே கறுப்புக் கோடு. நிறமும் பின்னணியும்தான் மாறுகின்றன. முதல் கட்டத்தில் முகம் முழுக்க மஞ்சள், ஈரோட்டு மண்டியில் மூட்டையைப் பிரித்தால் தெரியுமே, அந்த மஞ்சள். பின்னால் பனியன் பெட்டிகள் வரிசை வரிசையாக. அக்கா பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போன காலத்தில் இவள் அந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில்தான் தூங்கினாள். இரண்டாவது கட்டத்தில் மடித்துக் கட்டிய ரெட்டைச்சடை, ரிப்பன். மூன்றாவதில் சைக்கிள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுக்கிற சைக்கிள்தான், ஆனால் முகத்துக்குப் பின்னால் ஒன்றல்ல, முப்பதுக்குக் குறையாமல் நிற்கின்றன, அத்தனையும் ஒரே அச்சு. நான்காவதில் வெறும் புள்ளிகள். அந்தக் கட்டத்தில் மட்டும் நீல நிறம் கறுப்புக் கோட்டை விட்டு ஒரு நூல் விலகியிருந்தது.

சின்ன வயது முகத்தை ஏன் வரையவில்லை என்று கேட்டேன். "அப்ப எடுத்த போட்டோ ஒண்ணுதான் இருக்குதுங்க மாமா, அதும் மூஞ்சி தெரியாது" என்றாள். அதனால் இன்றைய முகத்தையே நாலு வயதுக்கும் வைத்துவிட்டாள். இது பாப் ஆர்ட்டில் பேர்போன அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹால் செய்ததற்கு வெகு அருகில் வரும் வேலை. அதைச் சொல்லும் முன் சொல்லின் வேரைப் பார்த்துவிடலாம்.

'பாப்' என்பது 'பாப்புலர்' என்பதன் குறுக்கம். அதற்கு வேர் 'பாப்புலுஸ்' என்ற லத்தீன் சொல். பொருள், மக்கள். இந்தப் பாணி அமெரிக்காவில் பிறந்தது என்றே பலரும் நினைக்கிறோம், ஆனால் அது பிறந்த இடம் லண்டன். 1952இல் அங்கே 'இன்டிபென்டன்ட் குரூப்' என்ற பெயரில் ஓவியர்களும் கட்டடக் கலைஞர்களும் விமர்சகர்களும் கூடிப் பேசத் தொடங்கினார்கள். போர் முடிந்தும் ரேஷன் முடியாத நாடு அது. அமெரிக்கப் பத்திரிகைகளில் பளபளவென்று வந்த கார், குளிர்பெட்டி, டப்பா உணவு விளம்பரங்களைக் கத்தரித்து ஒட்டி, இதிலும் கலை இருக்கிறதா என்று பார்த்தார்கள். அந்தக் குழுவில் இருந்த எடுவார்டோ பவோலோட்சி 1947இலேயே செய்த ஒட்டுப்படம் ஒன்றில், துப்பாக்கியிலிருந்து எழும் புகைக்குள் 'பாப்!' என்று எழுதியிருக்கும். ஆக, அந்தச் சின்னச் சொல்லுக்குள் மக்களும் உண்டு, 'படார்' என்ற வெடிச்சத்தமும் உண்டு. அதைக் கலை உலகில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்களில் விமர்சகர் லாரன்ஸ் அலோவே முக்கியமானவர்.

1957இல் அதே குழுவைச் சேர்ந்த ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் ஒரு கடிதத்தில் பாப் ஆர்ட்டின் குணங்களை வரிசைப்படுத்தினார். பெருங்கூட்டத்துக்காகச் செய்தது, நீண்ட ஆயுள் இல்லாதது, விலை மலிவானது, மொத்தமாக உற்பத்தியாவது, இளையவர்களை நோக்கியது என்று அந்த வரிசை போகும். படிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் பனியன்தான் ஞாபகம் வந்தது.

இப்போது தமிழ். கைக்கு எட்டும் முதல் சொல் 'மக்கள் கலை'. வேருக்கு நேராகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டாம் என்பேன். கொங்கு நாட்டில் 'மக்கள் கலை' என்று சொன்னால் பெருஞ்சலங்கையாட்டம் கண்முன் வரும், வள்ளிக்கும்மி வரும். வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ பெற்ற கோவை மாவட்டத்துப் பத்திரப்பன் ஐயா வருவார். அந்தக் கலை மக்களே பாடி, ஆடி, பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து வருவது. பாப் ஆர்ட் பிடித்துக்கொண்டது தொழிற்சாலையில் செய்து மக்கள் தலையில் கொட்டியதை. இரண்டையும் ஒரே பெயரில் கூப்பிட்டால் இரண்டுக்கும் நியாயமில்லை.

'வெகுசனக் கலை', 'ஜனரஞ்சக ஓவியம்' என்றும் சொல்லலாம். முதலாவது கட்டுரைக்குள் பொருந்தும், படத்துக்கு அடியில் எழுதினால் ஒட்டாது. இரண்டாவது 'எல்லோருக்கும் பிடித்தமான படம்' என்று பொருள் தரும். வார்ஹால் சூப் டப்பாவை வரைந்து வைத்தபோது எல்லோருக்கும் பிடித்துவிடவில்லை.

சொல் கிடைத்தது எங்கள் அச்சு மேசையில். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு மாஸ்டர் வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேசைமேல் துணியை ஒட்டி, அதன்மேல் சட்டமடித்த ஸ்கிரீனை இறக்கி, ஓரத்தில் பேஸ்ட்டை ஊற்றினார்கள். பையன் ரப்பர் பட்டையை அவசரமாக இழுத்துவிட்டான். பாதிப் படம் விழவில்லை. "முதல்ல பரப்பு, அப்பறம் இழு" என்றார் மாஸ்டர்.

பரப்பு. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். தமிழில் அது வினை, பெயர் இரண்டும். விரித்துப் போடுவது, ஊரெங்கும் கொண்டுசேர்ப்பது என்றும் பொருள், மேல்தளம் என்றும் பொருள். பாப் ஆர்ட்டில் இந்த எல்லாமே இருக்கின்றன. நிழலும் ஆழமும் காட்டாமல் தட்டையாக நிறம் பூசுகிற பாணி அது, முழுக்க முழுக்க மேற்பரப்பு. பத்திரிகை, விளம்பரம், டப்பா லேபிள் வழியே எல்லா வீட்டுக்கும் பரவிய உருவங்களை அது எடுத்துக்கொள்கிறது. செய்முறையோ ஸ்கிரீனில் பேஸ்ட்டைப் பரப்புவது. வார்ஹால் 1962இல் சூப் டப்பாக்களை 32 கித்தான்களில் வரைந்து காட்டினார். அதே ஆண்டு திரை அச்சுக்கு, அதாவது எங்கள் ஸ்கிரீன் அச்சுக்கு மாறி, நடிகை மர்லின் மன்றோவின் ஒரே புகைப்படத்தை வரிசை வரிசையாக அச்சடித்தார். முகம் ஒன்றே, நிறம் வேறு வேறு. என் அக்கா மகள் செய்தது அதுதான்.

பரப்பு + ஓவியம் = பரப்போவியம். கோட்டோவியம் என்ற சொல் நமக்குப் பழக்கம், அதே நடைதான். பாப் இசையைப் 'பரப்பிசை' என்று எழுதுவோர் ஏற்கனவே இருக்கிறார்கள், அதற்கும் இது பங்காளி. 'பரப்புரை' என்ற பிரச்சாரச் சொல்லின் சாயல் அடிக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். அடிக்கட்டும். விளம்பரத்திலிருந்து பிறந்த கலைக்கு அந்தச் சாயல் பொருத்தமானதே.

அடுத்தது 'செல்ஃப் போர்ட்ரெய்ட்'. 'போர்ட்ரெய்ட்' என்பதற்கு வேர் 'வெளியே இழுத்தெடு' என்ற பொருள் கொண்ட லத்தீன் வினை. தமிழில் உருவப்படம் என்கிறோம், நல்ல சொல். தன்னைத் தானே வரைவதைச் 'சுய உருவப்படம்' என்று எழுதுவது வழக்கம். செல்ஃபிக்கு வந்த தம்படம், தாமி, சுயமி முதலியவற்றை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. கையை நீட்டிச் சொடுக்குவது வேறு, பத்து நாள் உட்கார்ந்து தன் மூக்கின் கோட்டை அழித்து அழித்து வரைவது வேறு.

என் தெரிவு 'தன்னுருவம்'. காரணம் 'உரு' என்ற சொல். தமிழில் அதைச் சுற்றி ஒரு குடும்பமே இருக்கிறது. உருவாவது என்றால் வளர்ந்து வடிவம் பெறுவது. படிக்கிற வயதில் பாடத்தை உருப்போடுகிறோம். பெரியவர்கள் திட்டும்போது "உருப்படற வழியப் பாரு" என்கிறார்கள், அதைக் கேட்காமல் யாரும் இங்கே வளர்ந்ததில்லை. துணிமணியை எண்ணும்போது எத்தனை உருப்படி என்கிறோம். வளர்கிற பிள்ளையும் வரிசையாக அடுக்கிய பனியனும் ஒரே வேர்ச்சொல்லில் வந்து நிற்கின்றன. வளர்ந்த கதையைச் சொல்லும் பரப்போவியத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

'டிஜிட்டல்' என்பதை இரண்டு வரியில் முடிக்கலாம். 'டிஜிட்டஸ்' என்றால் லத்தீனில் விரல். விரல்விட்டு எண்ணியதால் இலக்கத்துக்கு அந்தப் பெயர் வந்தது. தமிழில் எண்ணிமம், இலக்கமுறை இரண்டும் உண்டு, எண்ணிமம் சுருக்கமானது. அக்கா மகள் பேனா எதுவும் இல்லாமல் ஆள்காட்டி விரலாலேயே முழுப் படத்தையும் வரைந்தாள் என்பதால் அந்த விரல் கதை எனக்குப் பிடித்திருக்கிறது.

கணினியில் பரப்போவியம் வரைவது இன்று நேற்று வந்ததும் அல்ல. 1985 ஜூலையில் நியூயார்க் லிங்கன் சென்டரில் அமிகா கணினி அறிமுகமானபோது, மேடையிலேயே பாடகி டெபி ஹாரியின் முகத்துக்கு வார்ஹால் அந்தக் கணினியில் நிறம் பூசினார். அந்தக் காலத்தில் அவர் வட்டுகளில் சேமித்து வைத்த படங்கள் 2014இல்தான் மீட்கப்பட்டன. அவற்றில் அவருடைய தன்னுருவமும் இருந்தது.

அவள் வரைந்த முறையையும் சொல்லிவிடுகிறேன், இரண்டு பழஞ்சொற்களுக்கு அதில் வேலை இருக்கிறது. ஐபிஸ் பெயின்ட் செயலியில் தன் புகைப்படத்தை மங்கலாக்கி அடியில் வைத்துக்கொண்டாள். மேலே ஒரு புது அடுக்கு. அதில் கண், மூக்கு, தாடை, சடை என்று கோடு மட்டும். அவள் அதை 'அவுட்லைன் லேயர்' என்கிறாள். நிறம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் படத்துக்கு நெடுநல்வாடையிலேயே 'புனையா ஓவியம்' என்ற பெயர் இருக்கிறது. சொன்னதும் அந்த அடுக்கின் பெயரை மாற்றிவிட்டாள். கோட்டுக்கும் புகைப்படத்துக்கும் நடுவில் இன்னொரு அடுக்கு. அதில் தட்டையாக நிறம், முகத்துக்கு ஒன்று, முடிக்கு ஒன்று, சட்டைக்கு ஒன்று, அவ்வளவுதான். பிறகு புகைப்படத்தை எடுத்துவிட்டு, மிச்சத்தை நான்காகப் படியெடுத்து, ஒவ்வொன்றிலும் நிறத்தை மாற்றினாள். புள்ளிகள் கடைசியில். அச்சுச் செலவைக் குறைக்க 1879இல் பெஞ்சமின் டே என்பவர் கொண்டுவந்த புள்ளி முறையை அமெரிக்கப் பாப் ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைன் பெரிதாக்கிக் கித்தானில் ஏற்றினார். எங்கள் யூனிட்டில் இதற்கு நெருங்கிய புள்ளி முறையை ஹாஃப்டோன் என்போம். புள்ளி என்றாலே போதும், புதுச் சொல் தேவையில்லை. செயலியில் தூரிகை என்று இருப்பதை நற்றிணை 'துகிலிகை' என்கிறது. பாதிரிப் பூவை அரக்கு ஊட்டிய துகிலிகைக்கு ஒப்பிடும் பாட்டு அது.

அவளுடைய படத்துக்கு அடியில் இப்போது இப்படி இருக்கிறது: 'தன்னுருவம். எண்ணிமப் பரப்போவியம். நான்கு கட்டம்.'

துணியிலும் பார்க்க ஆசைப்பட்டாள். நான்காவது கட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கலர் பிரித்தேன். நான்கு நிறம், நான்கு ஸ்கிரீன், கறுப்பு கடைசி. ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாத நேரத்தில் மாஸ்டரிடம் கூட்டிப் போனேன். மஞ்சளும் சிவப்பும் சரியாக விழுந்தன. நீலத்துக்கு ஸ்கிரீனை வைத்தபோது, "அண்ணா, அதை மட்டும் ஒரு நூல் தள்ளி வைங்க" என்றாள்.

"தள்ளி வெச்சா கோட்டுக்கு வெளிய போயிருமே. இதுக்குப் பேரு ரிஜெக்ட்டு, அம்மிணி."

"எனக்கு அப்படித்தானுங்க வேணும்."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். முதல் துணியில் விலகியது போதவில்லை, இரண்டாவதில் அதிகம். மூன்றாவதில் ஸ்கிரீனின் ஓரத்தை நகத்தால் தட்டித் தட்டி நகர்த்தினார், பேஸ்ட்டைப் பரப்பினார், இழுத்தார்.