குளவி விட்ட எருவில் மருந்து அடிக்காதீர்கள்

போன வாரம் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காடு பக்கத்திலிருந்து ஒரு முட்டைக்கோழிப் பண்ணைக்காரர் போன் செய்தார். "டாக்டர், ஈயை அடக்கக் கோழி எருவில குளவி விட்டு நாலு நாளாச்சு. ஈ அப்படியே மொய்க்குது. ஏமாத்திட்டாங்களா?" எருவில் பூச்சிமருந்து ஏதாவது அடித்தீர்களா என்று கேட்டேன். "ஆமாங்க, ரெண்டும் சேர்ந்தா சீக்கிரம் கேக்குமேன்னு நேத்துதான் அடிச்சேன்." இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்பது?

ஸ்பலாஞ்சியா, மஸ்கிடிஃபியூரக்ஸ் போன்ற இந்த ஒட்டுண்ணிக் குளவிகள் பறக்கும் ஈயைத் தொடவே தொடாது. முட்டையையும் நெளியும் புழுவையும்கூட விட்டுவிடும். அவை தேடுவது எருவுக்குள் பழுப்பு நிறத்தில் கிடக்கும் கூட்டுப்புழுவை மட்டும்தான். அதில் துளையிட்டு உள்ளே முட்டை வைக்கும். பொரிக்கும் குளவிப்புழு அந்தக் கூட்டுப்புழுவைத் தின்றுவிடும். ஆக, இன்று உங்கள் முட்டை அட்டையில் உட்கார்ந்திருக்கும் ஈ தன் ஆயுள் முடிந்துதான் சாகும். குளவி அடைப்பது அடுத்த தலைமுறையின் வழியை. நாலாம் நாளில் பலன் கேட்பது நியாயமே இல்லை.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். 2010-இல் பப்பாளி மாவுப்பூச்சிக்கு அசெரோபேகஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது தானாகப் பெருகிப் பரவியது, பூச்சி அடங்கியது. ஆனால் அது வெளிநாட்டிலிருந்து வந்த பூச்சிக்கு அதன் சொந்த எதிரியைக் கொண்டுவந்த கதை. வீட்டு ஈயின் கணக்கே வேறு. ஒரு பெண் ஈ ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் வைக்கும். நல்ல வெயிலில் பத்து நாளுக்குள் அடுத்த ஈ பறந்துவிடும். குளவி வளர்ந்து வெளிவர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். இந்த ஓட்டத்தில் குளவி பிந்தும். அதனால்தான் ஈ பெருகுவதற்கு முன்பே தொடங்கி, வாராவாரம் விடச் சொல்கிறோம். பட்டுப்புழு மனையில் புழுவைத் தாக்கும் ஊசி ஈக்கு நெசோலிங்க்ஸ் என்ற குளவியை விடுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஒருமுறை விட்டால் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மலைக்குளிரில் குளவி இன்னும் மந்தமாகிவிடும். மார்கழியில் வாங்கி விடாதீர்கள், மாசி பிறந்து வெயில் ஏறும்போது தொடங்குங்கள்.

இப்போது மருந்து. பல தலைமுறையாக அடிபட்ட ஈக்கு மருந்து பழகிவிட்டது, குளவிக்குப் பழகவில்லை. எருவில் அடித்தால் முதலில் சாவது நீங்கள் காசு கொடுத்து வாங்கிய குளவிதான். கூடவே ஈ முட்டையைத் தின்னும் சிறு உண்ணிகளும் வண்டுகளும் போய்விடும். பறக்கும் ஈ தொல்லை தாங்கவில்லையா? ஒட்டுப்பொறி கட்டுங்கள், விஷ இரையை எருவுக்கு எட்டாத உயரத்தில், கோழிக்கும் எட்டாமல் வையுங்கள். எருவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஈரம். நனைந்த எருவில் புழு கோடி கோடியாய்ப் பெருகும், குளவியால் உள்ளே நுழைய முடியாது. கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகினால் அன்றே மாற்றுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் கூரையை நீட்டுங்கள். எருவை ஒரேயடியாக வழித்து எடுக்காமல், பாதிப் பாதியாக, அடியில் கொஞ்சம் காய்ந்த எருவை விட்டு எடுங்கள். குளவி குடியிருப்பது அதில்தான்.

கொட்டுமா என்று கேட்பவர்களுக்கு: கொட்டாது. எள்ளளவுதான் இருக்கும்.

வேலை நடக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். எரு ஓரத்துக் காய்ந்த பகுதியில் கூட்டுப்புழுக் கூடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். ஒரு முனை மூடிபோலத் திறந்திருந்தால் ஈ வெளியே போயிருக்கிறது. சின்ன வட்டத் துளை இருந்தால் வந்தது குளவி. மூடியிருப்பவற்றைச் சீசாவில் போட்டுத் துணி கட்டி நிழலில் வைத்தால், உள்ளிருந்தது எது என்று சில வாரங்களில் தெரிந்துவிடும்.

மேலே பூம்பாறை, மன்னவனூர் பக்கம் கேரட்டுக்கும் பூண்டுக்கும் மக்காத கோழி எருவைக் குவித்து வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்துப் பண்ணையில் எத்தனை குளவி விட்டாலும் உங்கள் குவியலிலிருந்து ஈ வந்துகொண்டே இருக்கும். இறக்கிய அன்றே தார்ப்பாய் போட்டு, ஓரம் விலகாமல் மண் அணைத்து இறுக்கி மூடுங்கள். நன்றாக மக்கிய பிறகு வயலுக்குக் கொண்டுபோங்கள்.